பிரேக் பெடல் காப்பாத்தின கதை

மருமகளே,

வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல சாப்பிடு. அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். வீட்டுச் சாவி கீழ் வீட்டுல இருக்கு.

நேத்து பார்த்த பழைய கார் விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. "மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுது, பிரேக் பெடல் ரப்பர் மட்டும் எப்படி மாமா இவ்வளவு தேஞ்சிருக்கு?"ன்னு நீ கேட்டே. விக்கிறவர் முன்னாடியே உன் மேல எரிஞ்சு விழுந்தேன்.

இன்னைக்குக் காலையில முன்பணம் கொடுக்கத்தான் போனேன். ஆனா நீ கேட்டது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. "ஒர்க்‌ஷாப்ல கம்ப்யூட்டர் போட்டு, ஓடின கிலோமீட்டரைக் குறைச்சுக் காட்ட மீட்டரைத் திருப்பியிருக்கான்னு பார்த்துடலாமா?"ன்னேன். அவர் முகம் சுண்டிப் போச்சு. "நம்பிக்கை இல்லேன்னா வேற இடம் பாருங்க"ன்னு என் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கிக்கிட்டார்.

பிழைச்சோம்மா. அந்த வண்டியில பாப்பாவை வெச்சு ஓட்டப் போறவ நீ. நீ எங்க வீட்டுக்கு வந்தது நாங்க செஞ்ச புண்ணியம்.

மாமா

பி.கு.: அவர் வந்து விலையைக் குறைக்கிறேன்னாலும் மசியாதே.

இன்னொண்ணு: ஞாயித்துக்கிழமை வேற ஒரு வண்டி பார்க்கணும். நீயும் வா. கேள்வியெல்லாம் நீ கேளு, நான் பக்கத்துல சும்மா நிக்கிறேன்.