அப்பா ஃபைலோடு வந்த கவுன்சலிங்

அன்புள்ள அம்மாவுக்கு உன் மூத்தவள் எழுதுவது. அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலையில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அப்பாவும் சின்னவளும் சுகம். நான் அவ்வளவாக இல்லை, அதைச் சொல்லத்தான் இருவரும் தூங்கியபிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாமென்றால் அப்பா எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறார். அழாமல் கடைசிவரை படி. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அவள் பேசினால் எதிரில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். வெயில் ஏறியதிலிருந்து ஃப்ரிட்ஜ்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டு மக்கர் பண்ணுகின்றன, அப்பாவுக்கு ரிப்பேர் வேலை ஓயவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மூச்சு அடைக்கிறது. கழிப்பறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். டீச்சர் கவனித்துவிட்டு, எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கும் ஆலோசகர் அக்காவிடம் அனுப்பினார். அவர் அப்பாவுக்குப் போன் செய்து, உங்க பொண்ணுக்குக் கவுன்சலிங், நீங்களும் வாங்க என்றிருக்கிறார். அப்பா என்ன நினைத்தார் தெரியுமா, காலேஜ் சீட்டு கொடுக்கிற கவுன்சலிங்காம்! இஸ்திரி போட்ட சட்டை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் என் மார்க் ஷீட்டுகள், ஜெராக்ஸ், போட்டோ, போதாததற்கு ஒரு கோந்து டப்பா. உட்கார்ந்ததும், “இவ இன்னும் ஸ்கூலே முடிக்கலியே மேடம், அதுக்குள்ள சீட்டா? எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார். நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. “இது வேற கவுன்சலிங் சார், இதுக்கு சர்டிபிகேட் வேண்டாம், நீங்க வந்ததே போதும்” என்று சொல்லி என்னைப் பேசச் சொன்னார். சொன்னேன். அப்பா ஃபைலின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். பிறகு, “எங்கிட்ட ஏன்டி சொல்லலே?” என்றார். திட்டுவீங்கன்னு பயம் என்றேன். கொஞ்சம் யோசித்து, “திட்டியிருப்பேன்தான்” என்று ஒத்துக்கொண்டார் அம்மா!

மாதக் கடைசிச் சனிக்கிழமை குடும்பமாகப் பேச வேண்டுமாம், நீ போனிலாவது இருந்தால் நல்லது என்றார் அக்கா. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாதான், “அம்மாகிட்ட மூச்சு விடாதே, அடுத்த வண்டியிலே பெட்டியோட வந்து நின்னுடுவா” என்றார். எனக்கும் அதே பயம். வேலையை விட்டுவிட்டு வராதே. ஆனால் நீ இல்லாமல் பேசுவது அதைவிடப் பயம். அக்கா சொல்லிக்கொடுத்தபடி பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, நேற்று வகுப்பில் அரைப் பக்கம் வாசித்தேன். எண்ணெய் போடாத கதவு மாதிரி குரல், ஆனாலும் வந்தது. உட்காரும்போது பக்கத்துப் பெண் என் முதுகில் தட்டினாள்.

அங்கே நோயாளிகளைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், ராத்திரி டியூட்டிக்குப் பட்டினியாகப் போகாதே. சனிக்கிழமை மட்டும் மேட்ரனிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு. அந்த அக்கா நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று சொல்லித் தப்பிக்காதே. போனை வைக்கும் முன் நீ விடும் பெருமூச்சு எனக்குக் கேட்கிறது.

காலையில் இதைத் தபாலில் போட்டுவிட்டு, உனக்கு எழுதிவிட்டேன் என்று அப்பாவிடம் நானே சொல்லப்போகிறேன். திட்டினால் திட்டட்டும், திட்டி முடித்ததும், சனிக்கிழமை அவரையே உன்னைக் கூப்பிடச் சொல்கிறேன். போனை எடு.

உன் கை என் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு,
உன் மூத்தவள்