கீழாநெல்லிக்கு ஆகாத வாய்

பாண்டிச்சேரி
12.1.1989

பாசமுள்ள அக்கா பச்சையம்மாளுக்கு,

தம்பி கொளஞ்சியப்பன் எழுதுவது. நீயும் பேத்தி ராதிகாவும் சுகமாயிருக்க வேண்டும். எனக்கு அது இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். கண் மஞ்சள், வயிறு பானை. ‘சிரோசிஸ்’ என்கிறார்கள். அப்படியென்றால் என்னவென்று டாக்டரம்மாவைக் கேட்டேன். பழுப்பு மஞ்சளுக்குக் கிரேக்கப் பேராம். ஈரல் அந்த நிறமாகிவிடுமாம். நாம் காமாலை என்போம். ஊருக்கெல்லாம் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறாயே, எனக்கும் கொடு. மகன் அய்யப்பன் ஞாயிறு விடியுமுன் வந்து வாசலில் நிற்பான்.

தம்பி

வடக்கனந்தல்
20.1.1989

கொளஞ்சியப்பனுக்கு,

அய்யப்பனை வெறுங்கையோடு அனுப்பியது நான்தான். ஈரலின் நிறம் உயிரோடிருப்பவனிடம் எப்படித் தெரியும்? செத்தவனை அறுத்துப் பார்த்து வைத்த பேராகத்தான் இருக்கும். கீழாநெல்லி அப்படியில்லை. இலைக்குக் கீழே நெல்லிக்காய் போல வரிசையாகக் காய்த்திருப்பதைப் புரட்டிப் பார்த்து எவளோ ஒருத்தி வைத்த பேர்.

மருந்து கொடுக்கிறவள் வாயில், குடிக்கிறவனைப் பற்றி அன்று விடிந்ததிலிருந்து வசவு வரக்கூடாது. வந்தால் அரைத்த மருந்தைக் கொட்டிவிட வேண்டும். நானோ தினம் என் மகள் செல்வியின் படத்துக்கு விளக்கேற்றியதும் முதல் சொல்லாக உன்னைத்தான் திட்டுகிறேன். இடஒதுக்கீட்டு மறியலன்று அவள் பிரசவ வலியில் மாட்டு வண்டியில் துடிக்க, ரோட்டில் சாய்த்த புளியமரத்தின்மேல் கோடாலியோடு உட்கார்ந்து நீ சொன்னாய்:

“யாரா இருந்தா இன்னாக்கா, சாயங்காலந்தான் மரத்த நவுத்துவோம்.”

சாயங்காலம் ஆகுமுன் ராதிகா வந்தாள், செல்வி போய்விட்டாள். பிள்ளைகளுக்குக் காலேஜில் இடம் கிடைக்கத்தான் வெட்டினோம் என்று காரியத்தன்று சமாதானம் சொன்னாய். கிடைக்கட்டும். கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க இவளுக்கு அம்மா எங்கே?

பச்சையம்மாள்

பாண்டிச்சேரி
28.1.1989

அக்காவுக்கு,

இலைக்கு அடங்குகிற வியாதி இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிழைப்பதற்காகக் கேட்கவில்லை. உன் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொளஞ்சி

வடக்கனந்தல்
9.2.1989

கொளஞ்சிக்கு,

இருட்டோடு எழுந்து பறித்து, வேரோடு கழுவி அரைத்தேன். மோர் விடும்போதே வசவு வந்துவிட்டது. கொட்டினேன். மறுநாளும் அரைத்தேன், மறுநாளும் வந்தது. நான் திட்டுவதை விட்டுவிட்டால், செல்வி வண்டியில் கிடந்து கத்தியதை இந்த ஊரில் யார் நினைப்பார்கள்?

என் கை உனக்கு ஆகாது. அய்யப்பனை அரைக்கச் சொல். எந்தக் காலையில் குடிக்கிறாய் என்று ஒரு கார்டு போடு. அன்று மட்டும் விளக்கேற்றிவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறேன். அதற்குமேல் கேட்காதே.

பச்சையம்மாள்

வடக்கனந்தல்
20.3.1989

கொளஞ்சிக்கு,

உன் கார்டு வரவில்லை. அய்யப்பனை மொட்டைத் தலையோடு சங்கராபுரம் பஸ்ஸில் பார்த்ததாகச் சாலம்மாள் வந்து சொன்னாள். என் வீட்டுக்கு யாரும் சேதி சொல்லி அனுப்பவில்லை. சொல்லாததை நான் ஏன் நம்ப வேண்டும்?

எந்தக் காலை என்று நீ எழுதாததால், தினமும் விளக்கேற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

அக்கா