பாதை இறங்குதுறையில் சனிக்கிழமைச் சந்தை

2025 மார்ச் 4, செவ்வாய்

காலையில் கடற்படைக் குவார்ட்டஸுக்கு மருத்துவிச்சி மிஸி வந்தார், நாலு மாதக் கர்ப்பிணியான பக்கத்து வீட்டு இனோக்காவைப் பார்க்க. மிஸிக்குச் சிங்களம் வராது, இனோக்காவுக்குத் தமிழ் வராது. நடுவில் நான்.

"இரத்தம் குறைவாக் கிடக்கு. என்ன சாப்பிடுறா எண்டு கேளும் நிலாந்தினி," என்றார் மிஸி.

கேட்டேன். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ரின்னில் அடைத்த மீன், இரவில் நூடில்ஸ்.

"கீரை ஒண்டும் இல்லையோ?"

இனோக்கா சிரித்தாள். எங்கே போய் வாங்குவது என்று கேட்டாள். அதை மிஸிக்குத் தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கூட அதை யோசித்ததில்லையே?

இங்கே கடற்படைக் குடும்பங்கள் இருபத்திரண்டு. ஆண்கள் முகாமில் சாப்பிடுகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் வாசல் கடையில் கிடைப்பதைச் சாப்பிடுகிறார்கள். அங்கே பழுதாகாத வெங்காயமும் கிழங்கும்தான் இருக்கும். சந்தைக்கென்றால் பஸ் ஏற வேண்டும். பாஷை தெரியாது, இடுப்பில் குழந்தை, கணவன் கடலில். நான் இந்தத் தீவுப் பக்கத்துச் சுருவில்காரி, எங்கே போனாலும் பேரம் பேசுவேன். இவர்கள்?

கடலுக்கு அந்தப் பக்கம் வேலணையில் மிஞ்சிய கீரையை மாட்டுக்குப் போடுகிறார்கள். இந்தப் பக்கம் இனோக்கா நூடில்ஸ் அவிக்கிறாள். இடையில் பத்து நிமிடக் கடல்.

மார்ச் 6, வியாழன்

இவர், என் கணவர், இரண்டு கிழமைக்குப் பிறகு கடலால் வந்தார். படகு இயந்திரத்து எண்ணெய் மணம் நாலு தரம் குளித்தும் போகவில்லை. கிழமைக்கு ஒருநாள் வேலணை மரக்கறியை இங்கே கொண்டுவரப்போகிறேன் என்றேன்.

"செய். ஆனா உடப்பில இருந்து வந்த ஒரு நேவிக்காரனைக் கட்டினதுக்கே உன் ஊர்ல இன்னும் பேசுறாங்க. யோசிச்சுச் செய்," என்றார்.

யோசித்தேன். சோறு வடிகிற நேரம் போதுமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

முகாமில் குடும்ப நலன் பார்க்கும் அதிகாரி நல்ல மனிதர். வெளியாட்களை உள்ளே விட முடியாது, வெளியே எதுவும் செய்யுங்கள், உதவி வேண்டுமானால் கேளுங்கள் என்றார். நல்லது. இறங்குதுறைப் பக்கத்துப் பூவரசின் கீழே நிழல் இருக்கிறது.

உடனே பாதை ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்லும் அந்த இரும்பு மிதவைப் படகில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் வேலணை. அப்புத்துரை அண்ணையின் தோட்டத்தை விட்டால் கீரைக்கு எனக்குத் தெரிந்த வேறு இடமில்லை.

"நேவிக் குடும்பங்களுக்கோ? அந்தப் பக்கம் நான் வாறேல்லைப் பிள்ளை. ஏனெண்டு கேளாதையும்."

நான் கேட்கவில்லை. இந்தத் தீவுகளில் அவர் வயதுக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தோண்ட நான் யார்?

திரும்பி நடந்தபோது, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கேதீஸ்வரி அக்கா கூப்பிட்டார்.

"கர்ப்பிணிப் பிள்ளை எண்டனீர். எத்தினை மாசம்?"

"நாலு, அக்கா."

"சரி. அவர் வராட்டி நான் வாறன். சனிக்கிழமை எட்டு மணிக்கு."

அப்புத்துரை அண்ணை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கால் போனார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை! பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

முதல் சந்தை. நாலு சாக்கு, ஒரு தராசு, கேதீஸ்வரி அக்கா, நான்.

அரை மணித்தியாலம் ஒருவரும் வரவில்லை. பிறகு இனோக்கா வந்தாள், அவளுக்குப் பின்னால் ஏழு பெண்கள், பிள்ளைகளைக் கேடயம்போல முன்னால் பிடித்துக்கொண்டு.

இனோக்கா ஒரு பிடி முருங்கையிலையை எடுத்து, தேங்காய்ப்பூ போட்டுச் சட்டியில் கிண்டுவதுபோல் காற்றில் கையைச் சுழற்றி, "மல்லுங்," என்றாள்.

"உது வறை," என்றார் அக்கா.

"மல்லுங்!"

"வறை பிள்ளை, வறை!"

இரண்டு பேரும் ஒரே சட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று நான் விளக்க வாய் திறக்குமுன் அவர்களுக்கே விளங்கிவிட்டது. அக்கா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது. வல்லாரை முழுக்க விற்றுப்போனது. பாகற்காய் மட்டும் அப்படியே கிடந்தது. மொழிபெயர்த்தும் பிரயோசனமில்லை.

மார்ச் 29, சனி

பாகற்காயும் போய்விட்டது!

ஏப்ரல் 26, சனி

இன்றைக்கு எழுதவே மனமில்லை. எழுதாமலும் ஏலாது.

இறங்குதுறைக்குப் பக்கத்து வீட்டு ஸ்ரீவாணி அக்கா வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நேவிக்காரியளுக்கெண்டு தனிச் சந்தையோ? நல்லாத்தான் கிடக்கு."

கேதீஸ்வரி அக்காவின் முகம் வாடிப்போனது. போகும்போது, "அடுத்த கிழமை வருவனோ தெரியாது," என்றார்.

நான் என்ன பிழை செய்தனான்? ஆரின்ர வாயில இருந்து பறிச்சனான்? நேவிக்காரன்ர பெண்சாதிக்குப் பசிக்காதோ? அதுகளின்ர பிள்ளையள் கீரை தின்னக் கூடாதோ? எனக்குப் பத்திக்கொண்டு வருது —

பின்னேரம். கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. ஸ்ரீவாணி அக்கா சொன்னதில் இரண்டாவது பாதி இப்போதுதான் காதில் விழுகிறது. "எங்களுக்குந்தான் யாழ்ப்பாணத்தில இருந்து வாற வாடல் கீரை. எங்களை ஆரும் கூப்பிட்டவையே?"

இல்லை. கூப்பிடவில்லை. குவார்ட்டஸ் மதிலில் மட்டும், சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் ஒட்டியவள் நான்தான். தமிழிச்சி ஒருத்திக்குத் தமிழில் எழுதத் தோன்றவில்லையே!

ஏப்ரல் 28, திங்கள்

ஸ்ரீவாணி அக்காவின் படலையடியில் போய் நின்றேன்.

"கூப்பிட வந்தனான், அக்கா."

படலையைத் திறந்தார். "உள்ள வாரும். உந்தக் கதிரையில இரும்," என்றார். தேத்தண்ணி வந்தது. அவருடைய கோழிகள் முற்றமெல்லாம் ஓடித் திரிந்தன.

"ஊர் முட்டை கொண்டுவந்தா உவையள் வாங்குவினமே?"

"ஓம் அக்கா! அடிபட்டு வாங்குவினம்."

வேலணைக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப வாறன்," என்றார் கேதீஸ்வரி அக்கா.

மே 3, சனி

குவார்ட்டஸ் ஆட்கள் பத்தொன்பது, ஊர் ஆட்கள் பதினொன்று. முட்டை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. இரண்டு மொழியிலும் அறிவித்தல் எழுதினேன். என் தமிழில் இருந்த எழுத்துப் பிழையை ஸ்ரீவாணி அக்கா எல்லார் முன்னாலும் திருத்தினார். திருத்தட்டும்.

ஜூன் 7, சனி

சோளகக் காற்று. கடல் கொதிக்கிறது. காலையில் பாதை ஓடவில்லை.

எட்டு மணிக்குக் கேதீஸ்வரி அக்கா ஊர்காவற்றுறையில் இருந்து பேசினார். ஐம்பது கிலோ மரக்கறியோடு நிற்கிறாராம். இங்கே முப்பது பெண்கள் வெறும் பையோடு நிற்கிறார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லலாமா? ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வருவார்களா? தடுமாறிக்கொண்டிருந்தபோது மறுபடி அழைப்பு.

"அவர் லாண்ட்மாஸ்டர் உழவு மிசினைக் கொண்டுவந்து எல்லாத்தையும் ஏத்திப்போட்டார். யாழ்ப்பாணத்தால சுத்தி, றோட்டாலேயே வாறம்."

"ஆர், அண்ணையோ?"

"ஓம், அவர்தான். ஒண்டும் கேளாதையும்."

வந்துசேர மத்தியானம் ஆகிவிட்டது. காத்திருக்காமல் போனவர்கள் நாலே பேர். அப்புத்துரை அண்ணையின் தலையெல்லாம் புழுதி. இருக்கையை விட்டு இறங்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் இறக்கினார், நிறுத்தார், விற்றார்.

ஏழு மாத வயிற்றோடு இனோக்கா அவரிடம் போனாள். நான் தடுக்கப் போய் நின்றுவிட்டேன். ஸ்ரீவாணி அக்கா வீட்டுத் தேத்தண்ணியை நீட்டி, "அண்ணை, தேத்தண்ணி," என்றாள். அவளுக்கு எப்போது அது பாடம் வந்தது?

அவர் கிளாஸைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றை.

"உந்தப் பிள்ளையை ஏன் வெயிலுக்க நிக்க விடுறியள்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே இறங்கினார். பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, சால்வையால் தட்டி, நிழலில் வைத்து, "இரும்," என்றார். அவள் இருந்தாள். அவர் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்தார்.

"சீனி காணாது," என்றார். அவ்வளவுதான். ஆனால் கடைசிப் பூசணிக்காயை அவரே நிறுத்தார்.

கேதீஸ்வரி அக்காவின் கண் கலங்கியிருந்தது. காற்றிலே தூசி என்றார். நானும் தூசி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

இனோக்காவுக்கு இரத்தம் ஏறியிருக்கிறது. மிஸி அறிக்கையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, தன் கிளினிக்குக்கு வரும் ஊர்ப் பெண்களையும் சனிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். இனோக்காவின் குசினியில் இன்று பாகற்காய்க் குழம்பு. நூறு வீதம் எங்கள் ஊர் வாசம். கறித்தூளை எங்கே வாங்கினாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 5, சனி

நேற்று முதல் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. இவரும் கடலில். படுத்துக்கொண்டே கவலைப்பட்டேன்: யார் மொழிபெயர்ப்பது? யார் வரிசையைப் பார்ப்பது? இரண்டு தரம் எழும்பிச் செருப்பைப் போட்டேன், இரண்டு தரமும் தலை சுற்றியது.

பத்து மணிக்கு இனோக்கா ஒரு பை நிறைய வெண்டிக்காயும் வல்லாரையும் கொண்டுவந்தாள். அப்புத்துரை அண்ணை தந்துவிட்டாராம், காய்ச்சலுக்கு வல்லாரை நல்லதாம்.

"பிரச்சினை ஒண்டும் இல்லை அக்கா," என்றாள், தமிழில்.

ஒரு பிரச்சினை நடந்திருக்கிறது, பூசணிக்காய் விலைக்கு. இனோக்கா தமிழில் குறைக்கச் சொல்ல, கேதீஸ்வரி அக்கா சிங்களத்தில் முடியாது என்று சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்ரீவாணி அக்கா நின்று தீர்ப்புச் சொன்னாராம். என்னைத் தேடினார்களா என்று கேட்டேன். இனோக்கா யோசித்துப் பார்த்து, நேர்மையாக, இல்லை என்றாள்.

வெயில் ஏறமுன் முடிக்க வேண்டுமென்று சந்தையை அடுத்த கிழமையில் இருந்து ஏழு மணிக்கு மாற்றிவிட்டார்களாம். எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தாயிற்று. எனக்கு அறிவித்தல் மட்டும்.

தொலைபேசியில் அலாரத்தை ஆறு மணிக்கு மாற்றி வைத்தேன்.