அம்மாவைக் கிழக்கு பார்த்து வைக்கவில்லை

ஆம்பூர்
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜோயலுக்கும், மருமகளுக்கும், சின்னக் குட்டிக்கும் அப்பா எழுதிக்கொள்வது. அந்தத் தூர தேசத்தில் நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைக் கேட்டால், மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, நடுவில் கொஞ்சம் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். போனில் தினமும் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ முதலில் சாப்பிட்டீங்களா என்பாய், நான் ஆச்சு என்பேன், அப்புறம் குட்டி வந்து தாத்தா என்று பிடுங்கிக்கொள்ளும், அதற்குமேல் சொல்ல வந்ததைச் சொல்ல என்னால் முடியவில்லை. வாணியம்பாடிப் பையன் காஷிஃப் உங்கள் ஷூ கம்பெனிக்கே வேலைக்கு வருகிறானாம், எத்தியோப்பியாவுக்கு விசா வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒருவேளை சோறு போடு, ஊர் புதுசு.

போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் தோல் டேனரியில் வேலை என்று டாக்டர் கேட்டார். முப்பத்திரண்டு என்றேன். சுண்ணாம்புக் குழி, தோல் சுற்றுகிற டிரம், தோல் தேய்க்கிற பஃபிங் மிஷின் எல்லாம் பார்த்தாயிற்று என்றேன். நுரையீரல் பழைய தோல் மாதிரி விறைத்துப் போயிருக்கிறதாம், இனி அது இளகாதாம். தோலை இளக்கி இளக்கியே சம்பளம் வாங்கினவனுக்கு இதைச் சொல்கிறாரே என்று சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வருகிறது, அடக்கிக்கொண்டேன். இதை நீ ஓடிவர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. கீழே நான் கேட்கப்போவது ஏன் இப்போதே கேட்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். திமிரியில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்ட பிறகு ஞானஸ்நானம் வாங்கினவள், ஆனால் பரம்பரைக் கிறிஸ்தவன் நான் நம்பினதைவிட அவள் நூறு பங்கு நம்பினாள். அதிலும் இயேசு திரும்ப வருவார் என்பதை, ரயில் வரும் என்பது மாதிரி நம்பினாள். காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து கிழக்கே ஒருதரம் பார்ப்பாளே, நீயும் பார்த்திருக்கிறாய். மின்னல் கிழக்கில் தோன்றி மேற்குவரை பிரகாசிப்பது போல மனுஷகுமாரன் வருவார் என்று மத்தேயுவில் இருக்கிறதல்லவா, அதற்காகப் பார்ப்பாள். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. ஒருநாள் பந்த், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, நான் நைட் ஷிஃப்ட் முடிந்து இன்னும் வரவில்லை, உன்னை என் தங்கை தூக்கிக்கொண்டு போயிருந்தாள். உன் அம்மா எழுந்து பார்த்தால் வீட்டில் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, தெருவும் காலி. ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள் என்று இருக்கிறதே, வருகை நடந்துவிட்டது, தான் மட்டும் கைவிடப்பட்டோம் என்று நினைத்து அழுதுகொண்டே போதகர் ஐயர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்து என்னிடம், ஐயரே இங்கதான் இருக்காரு, அப்ப இன்னும் வரல, எனக்கு இன்னும் டைம் இருக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வருஷக்கணக்காக அதைச் சொல்லி நான் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

சர்க்கரை ஏறி கிட்னி போன பிறகும் அவளுக்குச் சாவு பயம் இல்லை. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இருக்கறதுக்குள்ள வந்துருவாருன்னு பாத்தேன், வரல, பரவால்ல, செத்தவங்கதான் மொதல்ல எழுந்திருப்பாங்கன்னு இருக்கு, உங்களுக்கு முன்னாடி நான் அவர் மொகத்த பாத்துருவேன், பாருங்க என்றாள். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு பிடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் அவரை நம்பினாள், நான் அவளை நம்பினேன், வீடு நடந்துகொண்டிருந்தது.

இனி அடக்கத்து நாள். நீ கிளம்பினாலும் வந்து சேர மூன்று நாள் ஆகும், மழையில் கரண்ட் போய்ப்போய் வருகிறது, ஐஸ் பெட்டியை நம்பி வைத்திருக்க முடியாது என்று எல்லாரும் சொன்னதால் அன்றே எடுத்தோம். நம் கல்லறைத் தோட்டம் உனக்குத் தெரியும், மேற்கே டேனரிச் சுவர், கிழக்கே ரயில் பாதை. நம் வழக்கம் தலை மேற்கே, கால் கிழக்கே. வருகை நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்து உட்கார்ந்தால் முகம் கிழக்கைப் பார்க்கும், வருகிறவரை நேருக்கு நேர் பார்க்கலாம் என்பதற்காக. பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் பெஞ்சுமேல் சரியாகத்தான் வைத்தார்கள். என் டேனரிச் சிநேகிதர் சர்தார் பாஷா உன்னை வீடியோ காலில் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் புங்கமரம், அதன் நிழல் அவள் முகத்தில். நீ, அப்பா மொகம் தெரியல, ஒரே இருட்டா இருக்கு என்று அழுதாய். பெட்டியை இந்தப் பக்கம் திருப்புங்கப்பா, பையன் பாக்கட்டும் என்று நான் சொன்னேன். நாலு பேர் பிடித்துத் தலைமாட்டை ரயில் பாதைப் பக்கம், வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். நீ பார்த்தாய். அம்மா தூங்கற மாதிரி இருக்காங்க என்றாய். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. போதகர் சீக்கிரம் சீக்கிரம் என்றார், மூடினார்கள், ஆணி அடித்தார்கள், கயிற்றைப் போட்டு இருந்தபடியே இறக்கிவிட்டார்கள். திருப்பினதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

அப்பாவுக்கு வயசாகி ஏதோ உளறுகிறார் என்று நினைக்காதே. தவக்காலத்தில் கல் வைத்துக் கட்டலாம் என்று, அன்று எடுத்த போட்டோக்களை எல்லாம் சர்தார் பாஷாவிடம் கேட்டு வாங்கினேன். ஒரு போட்டோவில் பெட்டி பாதி குழிக்குள் இருக்கிறது. தோள் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் குறுகலாகவும் இருக்குமல்லவா, அகலமான பக்கம் ரயில் பாதையைப் பார்த்து இருந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மறுநாள் குழி வெட்டுகிற மூர்த்தியைப் பிடித்துக் கேட்டேன். அந்த மழைல நான் இன்னாத்தய்யா பாத்தேன், பொட்டி வந்துச்சு, கவுத்தப் புடிச்சு எறக்கனோம், சிலுவைய எப்பவும் போல செவுத்துப் பக்கம் நட்டுட்டேன் என்றான். ஐந்து மாதமாக நான் அவள் தலைமாடு என்று நினைத்து உட்கார்ந்து அழுத இடம் அவள் கால்மாடு.

நீ முகத்தைக் காட்டச் சொன்னாய், பெற்ற பிள்ளை கேட்கத்தான் செய்யும். பெட்டியைத் திருப்பச் சொன்னது நான். இதில் உன்மேல் ஒரு துளி குற்றமில்லை, இதை நீ இரண்டாவது தரமும் படித்துக்கொள்.

போதகரிடம் போனேன். இப்போது இருப்பவர் இளவயசுக்காரர், நல்ல மனுஷர், உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கடலில் செத்தவர்களையும் கடல் ஒப்புக்கொடுக்கும் என்று வேதம் சொல்கிறது, நெருப்பில் சாம்பலானவர்களும் எழுந்திருப்பார்கள், தேவனுக்குத் திசை ஒரு தடையா என்றார். அவர் சொன்னது சரிதான், எனக்கும் புத்தி இருக்கிறது. அப்படியானால் எல்லாரையும் ஏன் கிழக்கு பார்த்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். வழக்கம் என்றார். அவளுக்கு மட்டும் ஏன் வழக்கம் இல்லை என்றேன். சபைக் கமிட்டிக்கு மனு எழுதிக் கொடுத்தேன், குழியைத் திறந்து திருப்பி வைக்க அனுமதி வேண்டும் என்று. மூடின குழியைத் திறக்க கலெக்டர் ஆபீஸ் உத்தரவு வேண்டும், அதற்குக் கொலை, விஷம் மாதிரி ஒரு காரணம் வேண்டும், வருகைக்கு முகம் திரும்பவில்லை என்பது சர்க்காருக்குக் காரணமாகாது என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் என் காதுபடவே, இருந்தவரைக்கும் கோயிலுக்கே ஒழுங்கா வராத ஆளு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றாரு என்றார். சொல்லட்டும், பொய்யா சொன்னார்.

என் பேச்சைப் பேச்சாக எடுத்துக்கொண்டது சர்தார் பாஷா ஒருத்தர்தான். டிரம்மில் இருபது வருஷம் என்னோடு நின்றவர் அல்லவா. அண்ணே, எங்க பக்கம்னா மண்ணு தள்றதுக்கு முன்னாடி நாலு பேரு கிப்லா பக்கம், அதான் மக்கா பக்கம், மொகம் இருக்கான்னு பாத்துருப்பாங்க, உங்காளுங்க ஒருத்தர்கூட பாக்கலியா என்று கேட்டார். பிறகு, நானாச்சும் பாத்துருக்கணும், போன் என் கையிலதான இருந்துச்சு, நான் தம்பி அழறதயே பாத்துட்டிருந்தேன் என்று அவரே அழுதார். திசை என்றால் என்ன என்று தெரிந்த மனுஷர். ஆனால் அவராலும் ஆவது ஒன்றுமில்லை.

முந்தாநாள் ஈஸ்டர். வழக்கம்போல விடியற்காலையில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள். போதகர் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார். யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேள்விப்படுகிறோம், கொள்ளைநோய் பார்த்தோம், வெள்ளம் பார்த்தோம், அநேகருடைய அன்பு தணிந்துபோயிற்று, அவர் வாசலருகே நிற்கிறார் என்றார். அடையாளம்தான் வேண்டுமென்றால் டேனரிக் கழிவில் பாலாறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடத் தொடங்கி முப்பது வருஷம் ஆயிற்று, கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை, அப்போதெல்லாம் வராதவர் இப்போது எங்கே வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் பாதைக்கு மேலே சூரியன் எழும்பியது, எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்து அல்லேலூயா பாடினார்கள். நான் மட்டும் திரும்பி நின்று அவள் பார்க்கப்போவது என்னவென்று பார்த்தேன். டேனரிச் சுவர். பாசி, ஒரு கழிவுக் குழாய், கீழே வெள்ளையாக உப்புப் பூத்த மண். என் சட்டையில் அந்த வாடை வருகிறது என்று வருஷம் முழுக்கக் கொல்லைப்புறத்தில் தனியாகத் துவைத்துப் போட்டவள், எழுந்து அதையா பார்க்க வேண்டும். எனக்கு மயக்கம் என்று நினைத்து யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

ஜோயல், அவர் வருவாரா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறது, அதைச் சொல்லியே இரண்டாயிரம் வருஷம் தள்ளியாயிற்று. வரமாட்டார் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனால் அவள் நம்பினது நிஜமாக இருந்து, அவர் வந்து, அந்த நேரம் இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஊரே எழுந்து போய்விட்டது, தன்னை மட்டும் கைவிட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கு மாதிரி அழுவாளோ என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தத் தடவை ஓடிப்போய்ப் பார்க்க ஐயர் வீடும் இருக்காது. அவளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கேட்பது இதுதான். என்னையும் தலை கிழக்கே, கால் மேற்கே வைத்துவிடு. சபையில் வேண்டாம் என்பார்கள். அப்பா கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. பக்கத்தில் நானும் அதே சுவரைப் பார்த்து இருந்தால் அவள் பயப்படமாட்டாள். அவர் வந்திருந்தால், திரும்பிப் பார் அமிர்தவள்ளி, பின்னால் நிற்கிறார் என்று நான் சொல்லிவிடுவேன். வரவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை, முப்பத்திரண்டு வருஷம் பார்த்த சுவர்தானே.

மருமகளை வேலை வேலை என்று அலையவிடாதே. குட்டிக்கு அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக் கட்டுங்கள். உங்கள் மூன்று பேரையும் உன் அம்மா நம்பின தேவன் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், அவள் வாயால் கேட்டதாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. நான் போகிற நேரத்தில் உனக்கு லீவு கிடைக்காது, எனக்குத் தெரியும், அதற்காக மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. சர்தார் பாஷா போனைப் பிடித்துக்கொள்வார், சொல்லி வைத்திருக்கிறேன். என் முகம் தெரிகிறதா என்று நீ பார்க்க வேண்டாம். கால்மாட்டில் டேனரிச் சுவர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, சரி, இறக்குங்க என்று உன் வாயால் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
தே. இஸ்ரவேல்