நான் கலந்த குளியல்

தேன் மாதம் 4

இன்று நாற்பது குளியல் தொட்டிகள் நிரப்பினேன். வெளியுலகத்து வீரர்கள் ஒரு கும்பல் வந்து இறங்கியிருக்கிறது. வாளை வாசலில் போட்டுவிட்டு, உள்ளே வந்ததும் விளக்குத் தண்டைத் திருடுகிறார்கள். இந்த இன்ப உலகத்தில் எது கேட்டாலும் கிடைக்கும். இவர்களுக்குத் திருடினால்தான் திருப்தி.

அவர்களோடு வந்த குழல்காரி இல்மே இங்கேயே தங்கப்போகிறாளாம். தங்கட்டும். எனக்கென்ன?

தேன் மாதம் 6

எனக்கென்னவா! விருந்தில் அவள் கோப்பை வழியப்போனது. ஊற்றுவதை நிறுத்த நாங்கள் ஒரு விரலைத் தூக்குவோம். அவளுக்கு அது தெரியாது. "போது—" என்று வாயைத் திறந்துவிட்டாள். மனசார அந்தச் சொல்லைச் சொன்னால் அந்தக் கணமே வாசல் திறந்து வெளியுலகில் தள்ளிவிடும். பிறகு திரும்பி வர வழியே இல்லை. என் தொரீன் மதுக்குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி, அவள் வாயைப் பொத்தினான்.

பொத்தினான், சரி. கையை எடுக்க அவ்வளவு நேரமா?

"நெவ்ரா, அவ புதுசா வந்த பொண்ணு, பாவம்" என்கிறான் என்னிடம். பாவமாம்! முந்நூறு விருந்தாக அவனோடு இருக்கிறேன். என் வாயை ஒரு நாள் பொத்தியிருப்பானா?

தேன் மாதம் 9

அவள் வாசிக்கிறாள். இவன் குடத்தோடு நின்று கேட்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

தேன் மாதம் 11

என்னிடமே வந்துவிட்டாள். "அக்கா, உங்க கையால ஒரு குளியல் கலந்து தருவீங்களா? தொரீன் அண்ணன் ஓயாம அதப் பத்தித்தான் பேசுறாரு."

அண்ணனாம். யாரிடம் கதை விடுகிறாள்?

தருகிறேனடி. மனம் நிறைந்து அந்தச் சொல் தானாக வாயில் வரும்படி ஒன்று தருகிறேன். அப்புறம் எவன் வந்து பொத்துகிறான் பார்ப்போம்.

தேன் மாதம் 13

கலந்துவிட்டேன். சுட்ட உப்பு, மூன்று நாள் ஊறிய வெண்பூ. பிறகு, இன்று புதிதாக வந்து இறங்கிய வீரர்களின் ஈர மேலங்கிகளைப் பிழிந்து எடுத்த மழைத்தண்ணீர். இங்கே மழையே கிடையாது. என் ஆயுசில் இப்படி ஒன்று கலந்ததில்லை.

தேன் மாதம் 14

தொரீன் போய்விட்டான்.

இல்மே அழுதுகொண்டு ஓடிவந்தாள். "எனக்குக் கலந்த குளியல்தான் அக்கா. அண்ணன் தோள் வலிக்குதுன்னாரு, நான்தான் இறங்கச் சொன்னேன். கண்ண மூடிக்கிட்டு, 'மழை வாசம் வருது... இது நெவ்ரா கை. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்'னாரு. அப்புறம் அந்த வார்த்தை. நான் ஓடிப்போய்ப் பொத்துறதுக்குள்ள..."

ஐயோ, பாவி நான். நானேதானே அவனை அனுப்பிவைத்தேன்?

தேன் மாதம் 15

தொட்டிகள் நிரப்பவில்லை.

தேன் மாதம் 20

அதே உப்பு, அதே பூ, மிச்சமிருந்த மழைத்தண்ணீர். இன்று நானே இறங்கினேன். அந்தச் சொல்லைச் சொன்னால் அவனிடம் போய்விடலாம் அல்லவா? போதும் என்றேன். போதும், போதும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வாசல் அசையவில்லை.

எப்படி அசையும்? உள்ளே ஒரே நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது: அங்கே இந்நேரம் அவனுக்கு எவள் குளியல் கலந்து தருகிறாளோ?

தண்ணீர் ஆறிப்போயிற்று. இல்மே வெந்நீர்ச் செம்போடு வந்து என் முதுகில் ஊற்றினாள். "இன்னும் ஊத்தட்டுமா அக்கா?" என்றாள்.

ஒரு விரலைத் தூக்கினேன்.