ஜன்னலடியில் வந்த செற்றி

யூலை 14, திங்கள்

காலையிலிருந்தே சோளகக் காற்று. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் வேர்வை. பத்தரைக்கு லொறி. லண்டனில் இருக்கும் அத்தான், என் மனிசனின் அண்ணை, எங்களைக் கேளாமலே கொழும்புக் கடையில் சொல்லி அனுப்பிய செற்றி. மூன்று பேர் சாய்ந்திருக்கக்கூடிய மெத்தை இருக்கை. இது இரண்டு அறை வீடு. இவர் இதற்காக வியாழன் வரை லீவு!

இவர் கை நீட்டிய இடம் ஹோல் ஜன்னலடி. என் மேசை நிற்கிற இடம். வீட்டில் வெளிச்சம் விழுகிற ஒரே இடம். பசை உருக்கி ஒட்டுகிற குளூ கன் செருகுகிற பிளக்கும் அங்கேதான்.

"இஞ்சரும், உந்தக் குப்பையளை ஒருக்கா ஒதுக்கும். அண்ணை வீடியோவிலை பாக்கக் கேப்பார்."

குப்பையாம். பதினாறு வருடமாக, பெரியபிள்ளையான பெட்டையளின் சாமத்திய வீடுகளுக்கு ஆலாத்தித் தட்டம் அலங்கரிக்கிற சாமான். எங்கள் ஊர் கொக்குவிலில் அரைவாசிப் பிள்ளைகள் என் தட்டத்துக்கு முன்னால் நின்றவர்கள்.

வாற ஞாயிறு, பள்ளிக்கூட ரீச்சரின் மகளுக்குச் சாமத்திய வீடு. பதினொரு தட்டம். முடிந்தது நாலு.

யூலை 15, செவ்வாய்

ஒதுக்கியவை:
ரிப்பன் — கட்டிலுக்குக் கீழே.
லேஸ், மயிலிறகு — அலுமாரிக்கு மேலே.
தட்டத்துக்கு வெட்டுகிற வெள்ளை றிஜிபோம் மட்டை — குசினியில், அரிசி வாளியோடு. எலி வரும். தெரியும்.
மேசை — வெளியே, மாமரத்தடி.
நான் — ?

குசினி வாசலில் நிலத்தில் இருந்து ஒரு தட்டம் ஒட்டினேன். காற்று லேஸ் துண்டொன்றை அள்ளிப் பருப்புக் கறிக்குள் போட்டது. எடுத்து எறிந்துவிட்டு இவருக்குப் பரிமாறினேன். நல்ல ருசியாம்.

யூலை 16, புதன்

சந்தைக்குப் போய்வர ஒரு மணித்தியாலம். இவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"உம்மடை மணியெல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி விட்டன்."

ஒழுங்கு என்பது இது: பதினான்கு போத்தலில் நிறம் நிறமாக, அளவு அளவாக நான் வைத்திருந்த, தட்டத்தில் ஒட்டுகிற மணி முழுவதும் ஒரே பிஸ்கற் ரின்னுக்குள். போத்தல்கள் கழுவிக் கவிழ்த்தபடி.

"ஆரைக் கேட்டுக் கொட்டினியள்?"

"இடம் மிச்சமெல்லோ?"

அழுகை வரவில்லை. ரின்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால், "ஆம்பிளையள் உதவி செய்தால் உப்பிடித்தான், விடு பிள்ளை" என்றார். விட மாட்டேன். சோறு மட்டும் போட்டேன்.

யூலை 17, வியாழன்

செற்றியில் இன்னும் ஒருவரும் இருக்கவில்லை. பொலித்தீன் உறையைக் கழற்றக் கூடாதாம், ஊத்தைப்படுமாம். தட்டம் பார்க்க வந்த ரீச்சருக்கு இவர் பிளாஸ்டிக் கதிரை எடுத்துப் போட்டார்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஞாயிறு விடிய எல்லாம் தருவீங்கள்தானே?"

"ஓம் ரீச்சர்."

எப்படியென்று எனக்கே தெரியாது. ஐந்துதான் முடிந்திருக்கிறது. மணி பிரிக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும்.

யூலை 18, வெள்ளி

கா. 8. இவர் வேலைக்குப் போனார். செற்றியைத் துடைத்தேன்.

முதல் இருக்கையில் ரின்னைக் கவிழ்த்தேன். பொலித்தீன் வழுவழுப்பு, சிவப்பு ஒரு பக்கம், பொன் ஒரு பக்கம், தள்ளத் தள்ளப் போகிறது. இரண்டாவதில் ரிப்பன், லேஸ், மயிலிறகு. மூன்றாவதில் முடிந்த தட்டங்கள். நான் முன்னால் நிலத்தில். பிளக் கைக்கெட்டுகிற தூரம்.

பி.ப. 5. ஒன்பதாவது தட்டம். இவர் வாசலில் நின்றே கத்தினார்.

"என்னப்பா இது! அண்ணை இப்ப வீடியோ கோல் எடுக்கப் போறார்!"

"எடுக்கட்டும்."

போன் அடித்தது. இவர் கையிலிருந்து பறித்தேன்.

"என்ன பிள்ளை, செற்றி வசதியோ?"

கமராவைத் திருப்பி மூன்று இருக்கையையும் காட்டினேன். "நல்ல வசதி அத்தான். வெளிச்சமுள்ள ஒரே இடத்திலை இதைத்தான் வைச்சிருக்கிறார். என்ரை மேசை மாமரத்துக்குக் கீழை நிக்குது, அதையும் பாக்கிறியளோ?"

அத்தான் போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "தம்பியிட்டைக் குடும் பிள்ளை."

இவர் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று ஏழெட்டுத் தரம் சொன்னார். வைத்துவிட்டு இருக்க இடம் தேடினார். பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினேன், இருந்தார். பிரிக்காத மணியை ரின்னுக்குள் அள்ளி இவர் மடியில் வைத்தேன். கழுவிய போத்தல் பதினான்கையும் காலடியில் அடுக்கினேன்.

ஒழுங்குபடுத்தட்டும்.