பிளேன் ஓட்டிய அப்பப்பா

என்ரை ராசாவுக்கு,

போனில் கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுவீர்கள். அதனால்தான் என் கோழிக்கிறுக்கலில் எழுதுகிறேன்.

ஹோல் சுவரில் தொங்கும் உங்கள் அப்பப்பாவின் படத்தில் கறையான் பிடித்துவிட்டது. அந்தக் காலத்துப் போரில் பிளேன் ஓட்டியவர் என்று, என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அன்றே பெருமை பேசினீர்களே, அதே படம்தான். பிரேம் மாற்றக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஸாலிஹ் நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். பார்த்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு.

"தங்கச்சி, இது நான் வித்த படம்தானே! வெள்ளக்காரன் வீட்டு ஏலத்துல எடுத்தது. ஒங்கட மாப்புள கலியாணத்துக்கு முந்தி வந்து வாங்கினார்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ நானா. அது எங்கட அப்பப்பா."

"அப்ப நீங்க வெள்ளக்காரன் வீட்டு மருமகளா?"

தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் முகத்தை மூடியிருக்க, நான் எதைக் கண்டேன்? பழைய படத்தில் எல்லோரும் வெள்ளையாகத்தான் தெரிவார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் அந்த மனுசனுக்கு மெழுகுதிரி கொளுத்தி, பூசையும் ஒப்புக்கொடுத்தேன். அதெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? உங்கள் சொந்த அப்பப்பா மோட்சத்தில் கோபித்துக்கொண்டு இருக்கிறாரோ, இந்த வெள்ளைக்காரர் ‘யார் இந்தக் கறுப்பி’ என்று முழிக்கிறாரோ, எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அது போகட்டும். கட்டார் நாட்டு முதலாளி லீவு தரவில்லை என்று மூன்று நத்தாராகச் சொல்கிறீர்கள். அதையும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அந்த முதலாளியாவது உண்மையில் இருக்கிறாரா? இந்த நத்தாருக்காவது, பாலன் பிறக்கும் இரவுக்கு, வாருங்கள். வர மனமில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் பெண்சாதி